பெற்றோரின் முதுமைப் பராமரிப்புக்குப் பணம் ஏற்பாடு செய்வது எப்படி? செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று எந்தச் செட்டிநாட்டு ஊருக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடு. உள்ளே ஓர் ஆச்சியும் துணைக்கு ஒரு வேலையாளும். பிள்ளைகள் சென்னையில், சிங்கப்பூரில், கோலாலம்பூரில். வீட்டைப் பார்க்கிற வெளியூர்க்காரர்கள் இவர்களுக்கு என்ன குறை என்று நினைப்பார்கள். பங்காளிகளுக்குப் பொதுவான அந்த வீட்டை நினைத்த நேரத்தில் விற்க முடியாது, வங்கியில் வைத்துக் கடன் வாங்குவதும் எளிதில்லை. ஆச்சியைக் குளிப்பாட்டி உட்கார வைக்க வருகிற பெண்ணுக்கோ ஒன்றாம் தேதி சம்பளம் ரொக்கமாகக் கொடுத்தாக வேண்டும்.

பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு முதல்முறையாகத் தலையில் வந்திருக்கும் மகன், மகள், மருமகள், பேரப்பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அப்பச்சி (அப்பா) விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த பிறகுதான் பெரும்பாலான குடும்பங்கள் பணத்தைப் பற்றிப் பேசவே தொடங்குகின்றன. அதற்குள் பாதி வழிகள் அடைபட்டுப் போகின்றன. பெரியவருக்குப் புத்தித் தெளிவும் கையெழுத்துப் போடுகிற தெம்பும் இருக்கிறபோதே காகிதங்களை முடித்துவிட வேண்டும். பணம் தேடுவது அதற்கு அடுத்த வேலைதான். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

1. இது மருத்துவச் செலவு அல்ல

மருத்துவக் காப்பீடு இருக்கிறதே, அது போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். போதாது. பொதுவாக நம்மிடம் இருக்கும் மருத்துவக் காப்பீடு, மருத்துவமனையில் தங்கிச் செய்யும் சிகிச்சைக்குத்தான் பணம் தரும். வீட்டிலேயே வைத்துச் செய்யும் சிகிச்சைக்குச் சில பாலிசிகள் பணம் தந்தாலும், மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நோய்க்கு, சேர்க்க முடியாத நிலையில், மருத்துவர் எழுதிக் கொடுத்தால்தான் அது கிடைக்கும். சாப்பாடு ஊட்டுவது, கழிப்பறைக்குக் கூட்டிப் போவது, படுக்கையில் திருப்பிப் போடுவது, இரவில் கூட இருப்பது ஆகியவற்றை எந்தச் சாதாரண பாலிசியும் ஏற்காது. அந்தச் செலவு மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் ஓடும். அதற்கு மாதா மாதம் வருகிற பணம் வேண்டும்.

அதற்காகக் காப்பீடு வேண்டாம் என்று விட்டுவிடக் கூடாது. ஒரு தடவை மருத்துவமனையில் சேர்ந்து பெரிய தொகை போய்விட்டால், மாத வருமானத்துக்கு வைத்திருந்த முதலும் சேர்ந்து போய்விடும். 65 வயதுக்கு மேல் புதிதாகப் பாலிசி எடுக்க முடியாது என்ற நிலை 2024-இல் மாறிவிட்டது. ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கான காத்திருப்புக் காலமும் அதிகபட்சம் 3 ஆண்டு என்று குறைந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. விண்ணப்பத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம், பழைய அறுவை சிகிச்சை எதையும் மறைக்காதீர்கள். மறைத்தது தெரிந்தால், பணம் தேவைப்படும் நாளில் கிளெய்மை நிராகரித்துவிடுவார்கள்.

2. மாதக் கணக்கை எழுதுங்கள்

ஒரு நோட்டை எடுத்து, பெரியவரின் ஒரு நாளைக் காலையிலிருந்து இரவு வரை எழுதுங்கள். எதை அவரே செய்துகொள்கிறார், எதற்குக் கை கொடுக்க வேண்டும், எதை முழுக்க இன்னொருவர்தான் செய்ய வேண்டும் என்று பிரியுங்கள். நடமாட்டம் இருந்து சமையலுக்கும் துணைக்கும் மட்டும் ஆள் வேண்டியவருக்கு ஆகும் செலவு ஒரு மாதிரி. மறதி நோய் வந்து, கண்காணிப்பு மட்டும் நாள் முழுக்க வேண்டியவருக்கு அது வேறு. படுக்கையிலேயே இருப்பவருக்கு அது இன்னும் வேறு.

படுக்கையில் இருப்பவர் என்றால் பகலுக்கு ஓர் ஆள், இரவுக்கு ஓர் ஆள், அவர்களுக்கு விடுமுறை நாளில் மாற்று ஆள். ஒரு நாளைக்கு மூன்று டயபர் என்றாலும் மாதம் 90. படுக்கைப் புண் வராமல் இருக்க ஏர் பெட், தலைப்பக்கம் தூக்கி இறக்கும் கட்டில் (இதை வாடகைக்கும் எடுக்கலாம்), பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வரும் செலவு, மூக்குக் குழாய் இருந்தால் அதை மாற்ற வரும் நர்ஸ், ரத்தப் பரிசோதனைக்கு வீட்டுக்கு வந்து எடுக்கும் கட்டணம் எல்லாம் சேரும். கூட இருக்கும் ஆளின் சாப்பாட்டுச் செலவையும் மின்கட்டணத்தையும் மறந்துவிடாதீர்கள். காரைக்குடிப் பக்கம் இருப்பவர்கள் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். பெரிய சிகிச்சைக்கு மதுரைக்கோ திருச்சிக்கோதான் போகிறோம். இரண்டுமே ஏறக்குறைய 80, 90 கிலோமீட்டர். படுத்த நிலையில் ஒருவரைக் கூட்டிப்போய்த் திரும்புவதற்கு வாடகை, கூடப் போகிறவருக்கு அங்கே தங்க இடம் என்று ஒவ்வொரு பயணமும் தனிச் செலவு.

வரும் தொகையை இன்றைய விலையோடு நிறுத்தாதீர்கள். ஆண்டுக்கு 8 சதவீதம் செலவு ஏறினால் 9 ஆண்டில் அது இரட்டிப்பாகும். 72 வயது அப்பச்சிக்குத் திட்டமிடும்போது அவர் 81 வயதில் இருக்கும் மாதத்தையும் நினைத்துப் பாருங்கள்.

செட்டிநாட்டு வீட்டுக்கென்றே ஒரு முதல் செலவு உண்டு, அது பின்னால் வரும் பெரிய செலவைத் தடுக்கும். நம் வீடுகளில் படிகள் அதிகம், நிலைப்படிகள் உயரம், கழிப்பறை பெரும்பாலும் பின்கட்டைத் தாண்டித்தான். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் தண்ணீர் பட்டால் வழுக்கும். பெரியவரின் படுக்கையை வளவு (உள்முற்றத்தைச் சுற்றிய பகுதி) அறையிலேயோ முகப்புப் பக்கமோ ஓர் இடத்தில் நிலையாக வைத்து, அதற்குப் பத்தடிக்குள் மேல்நாட்டுக் கழிப்பறையும் சுவரில் கைப்பிடியும் அமைத்துவிடுங்கள். நிலைப்படிக்குப் பக்கத்தில் மரச் சரிவுப் பலகை வையுங்கள். இடுப்பு எலும்பு முறிவுக்கு ஆகும் செலவோடு பார்த்தால் இது சிறிய தொகைதான். பொது வீடு என்றால் சுவரை இடிக்கும் முன் பங்காளிகளிடம் சொல்லி, ஒப்புக்கொண்டதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

3. கையெழுத்துப் போட முடிகிறபோதே

அப்பச்சிக்கு மறதி வந்தால் பவர் (அவருக்குப் பதிலாகச் செயல்படும் அதிகாரப் பத்திரம்) எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்கள் நிறைய. அதில் இரண்டு தவறு இருக்கிறது. மறதி முற்றியவரிடம் எழுதி வாங்கும் பவர் செல்லாது. அதைவிட முக்கியம், தெளிவாக இருந்தபோது கொடுத்த பவரும் அவருடைய புத்தி பேதலித்ததும் சட்டப்படி முடிந்துபோகிறது. நம் ஒப்பந்தச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அதன் பிறகு அவருடைய சொத்திலோ பணத்திலோ கை வைக்க வேண்டுமானால் நீதிமன்றத்துக்குப் போய்க் காப்பாளராக நியமனம் வாங்க வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும். ஆளுக்குச் சம்பளம் அதுவரை காத்திருக்காது.

அதனால் வங்கிக் கணக்குகளை முதலில் சரி செய்யுங்கள். பென்ஷன் வரும் கணக்கு, எஃப்.டி., தபால் நிலையக் கணக்கு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, அன்றாடச் செலவு நடக்கிற கணக்கை ஊரிலேயே இருக்கும் ஒரு பிள்ளையோடு கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். இருவரில் எவரும் எடுக்கலாம் என்ற வகையில் இருக்க வேண்டும். இதைச் செய்யத் தயங்கும் பெரியவர்கள் உண்டு. தன் பணம் கைமாறிவிடும் என்ற பயம் நியாயமானது. எல்லாப் பணத்தையும் அந்தக் கணக்கில் வைக்காமல், மூன்று மாதச் செலவை மட்டும் அதில் வைத்து, மீதியை அவர் பெயரிலேயே விட்டுவிட்டால் அந்தப் பயம் குறையும்.

வெளிநாட்டில் இருக்கும் மகன் தன் பெயரில்தான் எல்லாம் நடக்க வேண்டும் என்று நினைத்தால், அவசரத்துக்குக் கையெழுத்துப் போட ஊரில் ஆள் இருக்காது. பக்கத்தில் இருக்கும் மகளோ மருமகனோ கூட்டாக இருப்பது நல்லது.

நாமினி எல்லாக் கணக்கிலும் இருக்கிறாரா பாருங்கள். 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். நாமினி என்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளுக்குச் சேர்க்கிறவர்தான், அவரே உரிமையாளர் ஆகிவிடமாட்டார். பணம் யாருக்கு என்பதை உயில்தான் சொல்லும். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். பதிவு செய்வது கட்டாயமில்லை, ஆனால் வாரிசுகள் நாலைந்து பேர் நாலைந்து நாட்டில் இருக்கும் குடும்பங்கள் பதிவு செய்துவிடுவதே நிம்மதி.

கை நடுங்கிக் கையெழுத்து மாறிப்போனவர்களுக்கும் வழி இருக்கிறது. வங்கி அறிந்த இரண்டு சாட்சிகள், அதில் ஒருவர் வங்கி அதிகாரி, முன்னிலையில் கைரேகை வைத்துப் பணம் எடுக்கலாம். ரிசர்வ் வங்கியே இதை அனுமதித்திருக்கிறது. 70 வயது ஆனவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை தர வேண்டும் என்றும் வங்கிகளுக்கு அறிவுறுத்தல் உண்டு. கிளையில் கேட்டுப் பதிவு செய்து வையுங்கள். பென்ஷன்காரர்களின் வாழ்நாள் சான்றை முகத்தைக் காட்டி செல்போனிலேயே பதியலாம், அல்லது தபால்காரரை வீட்டுக்கு வரச் சொல்லி 70 ரூபாய் கொடுத்து முடிக்கலாம். படுக்கையில் இருப்பவரைத் தூக்கிக்கொண்டு வங்கி வாசலுக்குப் போகும் கொடுமை இனி வேண்டாம்.

4. அவருடைய பணத்தை மாத வருமானமாக மாற்றுங்கள்

முதலில் பெரியவரின் சொந்தப் பணம், அப்புறம்தான் பிள்ளைகளின் பணம். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அவர் சேர்த்தது அவருடைய கடைசிக் காலத்துக்குத்தான். பிள்ளைகளுக்கு விட்டுப்போக வேண்டும் என்று வைத்துக்கொண்டு, தன் டயபர் செலவுக்கு மகனிடம் கை நீட்டுகிற ஆத்தாமார்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். "ஆத்தா, இது ஒங்க காசு, ஒங்களுக்கே செலவழிப்போம்" என்று பிள்ளைதான் முதலில் சொல்ல வேண்டும்.

தபால் நிலையத்திலும் வங்கிகளிலும் இருக்கும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 60 வயது ஆனவர் அதிகபட்சம் 30 லட்சம் ரூபாய் போடலாம். 2023 ஏப்ரலில் இருந்து வட்டி 8.2 சதவீதம். அரசு இதைக் காலாண்டுக்கு ஒருமுறை அறிவிக்கிறது. போட்ட நாளில் இருந்த வட்டி அந்தக் கணக்குக்கு 5 ஆண்டும் மாறாது. முழு 30 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். கணவன், மனைவி இருவரும் தனித்தனியே போடலாம். தபால் நிலைய மாதாந்திர வருமானத் திட்டத்தில் ஒருவருக்கு 9 லட்சம், கூட்டாக 15 லட்சம் வரை போடலாம். 7.4 சதவீதம், மாதா மாதம் வரும்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் இதைக் கவனியுங்கள். வெளிநாடுவாழ் இந்தியர் மூத்த குடிமக்கள் திட்டத்தில் கணக்குத் தொடங்க முடியாது. ஆனால் பெற்றோருக்கு அன்பளிப்பாகப் பணம் அனுப்பலாம், பெற்றோருக்கு அதில் வருமான வரி இல்லை. அந்தப் பணத்தைப் பெற்றோர் தங்கள் பெயரில் போட்டால் வட்டி அவர்களின் வருமானமாகவே கணக்காகும். மாதா மாதம் அனுப்பிக்கொண்டிருப்பதைவிட, முடிந்தவர்கள் ஒரு பெரிய தொகையை இப்படி வைத்துவிடுவது நல்லது. உங்கள் வேலை போனாலும் ஆத்தாவின் மாதச் செலவு நிற்காது.

வட்டி ஒரே இடத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால் வரி பிடிப்பார்கள். வரி கட்ட வேண்டிய அளவு மொத்த வருமானம் இல்லாதவர்கள் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரலில் வரி பிடிக்க வேண்டாம் என்ற உறுதிமொழிப் படிவத்தைக் கொடுத்துவிடுங்கள்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஆச்சி ஒருவர் மூத்த குடிமக்கள் திட்டத்தில் 15 லட்சம், மாத வருமானத் திட்டத்தில் 9 லட்சம் வைத்திருக்கிறார். கடை ஒன்றிலிருந்து வாடகை 6,000. முதலாவதில் மாதத்துக்கு 10,250 (மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 ஆக வரும்), இரண்டாவதில் 5,550, வாடகையோடு 21,800. அவருக்கு மாதம் 36,000 தேவை என்று நோட்டில் வந்திருந்தால் துண்டு விழுவது 14,200. பிள்ளைகள் பேச வேண்டியது இந்த 14,200-ஐப் பற்றித்தான். இந்த எண் கையில் இல்லாமல் கூடிப் பேசினால் பேச்சு யார் பாசமானவர் என்பதில் போய் நிற்கும்.

இதற்கு மேல் ஆறு மாதச் செலவை எப்போது வேண்டுமானாலும் உடைக்கக் கூடிய எஃப்.டி.யில் வையுங்கள். மூத்த குடிமக்கள் திட்டத்தை முதல் ஆண்டுக்குள் உடைத்தால் வட்டி கிடையாது, அதற்குப் பிறகும் பிடித்தம் உண்டு.

5. அரசிடமிருந்து வருவது

காரைக்குடியில் வீட்டு வேலை செய்தவர், ஆத்தங்குடியில் கல் வார்த்தவர், மானகிரிப் பக்கம் வயல் வேலைக்குப் போனவர் ஆகியோருக்கு மேலே சொன்ன சேமிப்பு இருக்காது. அவர்கள் குடும்பத்துக்கு இந்தப் பகுதிதான் முதலில். வசதி உள்ளவர்களுக்கும் இதில் சில பயன்படும்.

மக்களைத் தேடி மருத்துவம், 2021 ஆகஸ்டில் தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டிலேயே கொடுப்பார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி தணிப்பு சிகிச்சைக்கும் பிசியோதெரபிக்கும் வீட்டுக்கே வருவார்கள். கட்டணம் இல்லை. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ பெயரைப் பதியுங்கள். தனியார் பிசியோதெரபிஸ்டுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி இதனால் மிச்சப்படும் என்பதால், வசதி உள்ளவர்களும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டையோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் திட்ட மையத்தில் பதிய வேண்டும். 70 வயது ஆனவர்களுக்கு வருமான வரம்பே இல்லாத 5 லட்சம் ரூபாய்க் காப்பீட்டை மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கியது. அதையும் அதே இடத்தில் கேளுங்கள்.

பக்கவாதத்தில் கை கால் விழுந்தவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது, பலரும் இதைத் தவறவிடுகிறார்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்குங்கள். பாதிப்பு 75 சதவீதத்துக்கு மேல் என்று சான்று கிடைத்தவர்களுக்கும் பார்க்கின்சன் நோயாளிகளுக்கும் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. விண்ணப்பம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில். காரைக்குடி, தேவகோட்டைக்காரர்களுக்குச் சிவகங்கை. பொன்னமராவதி, ராயவரம், கடியாபட்டிக்காரர்களுக்குப் புதுக்கோட்டை. ஆதரவற்ற முதியோருக்கான உதவித்தொகை 2023-இல் 1,000-இலிருந்து 1,200 ரூபாய் ஆனது. அதற்குத் தாலுகா அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், இ-சேவை மையத்திலேயே போடலாம்.

சக்கர நாற்காலி, வாக்கர், காது கேட்கும் கருவி போன்றவற்றை வருமானம் குறைந்த முதியோருக்கு இலவசமாகக் கொடுக்கும் மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டமும் உண்டு. எந்தச் சந்தேகத்துக்கும் 14567 என்ற மூத்த குடிமக்கள் உதவி எண்ணுக்குப் பேசலாம், கட்டணம் இல்லை.

6. வீடும் நகையும்

துண்டு விழும் தொகை பெரிதாக இருந்தால் அடுத்து எல்லோர் கண்ணும் வீட்டின் மேல் போகும். வீட்டை வைத்து வங்கியிலிருந்து மாதா மாதம் பணம் வாங்கும் மறு அடமானக் கடன் 2007-இலேயே நம் நாட்டுக்கு வந்தது. 60 வயது ஆனவர் தன் வீட்டில் வாழ்ந்துகொண்டே பணம் பெறலாம், அவரும் அவருடைய துணையும் காலமான பிறகு வங்கி வீட்டை விற்றுக் கணக்கை முடிக்கும் அல்லது வாரிசுகள் கடனைக் கட்டி மீட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்த வீடு அவரே சம்பாதித்து அவர் பெயரிலேயே தெளிவாக இருக்க வேண்டும். ஐயாவின் ஐயா கட்டி, இருபது பங்காளிகளுக்குப் பாத்தியமான வீடு இதற்கு ஆகாது. காரைக்குடி சுப்பிரமணியபுரத்திலோ சென்னையிலோ தன் சம்பாத்தியத்தில் தனியாக வாங்கிய வீடு இருந்தால் அதற்குக் கேட்டுப் பாருங்கள்.

பூர்வீக வீட்டில் செய்யக் கூடியது பங்கைத் தெளிவாக்குவதுதான். பாகப்பிரிவினை ஆகியிருக்கிறதா, யார் யார் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், வில்லங்கச் சான்றில் என்ன இருக்கிறது என்று பெரியவர் உயிரோடும் நினைவோடும் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். யாருக்கு எந்த அறை, எந்த மூலை என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பெண் பிள்ளைகளுக்கும் சம பங்கு என்பதை மறந்து எழுதும் எந்தப் பத்திரமும் பின்னால் வழக்காகும். ஒரு பங்காளி இன்னொரு பங்காளிக்குத் தன் பங்கை விற்று அந்தப் பணத்தை மாத வருமானமாக்குவது பல வீடுகளில் நல்லபடியாக நடந்திருக்கிறது. வெளியாளுக்கு விற்பதைவிட அது சுலபம், மனக்கசப்பும் குறைவு.

பெற்றோர் தங்கள் சொத்தைப் பிள்ளை பெயருக்குச் செட்டில்மெண்ட் எழுத நினைத்தால், தயவுசெய்து இதை வாசியுங்கள். கடைசிவரை உணவு, மருத்துவம், பராமரிப்பு கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, அப்படிப்பட்ட நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் ரத்துசெய்ய வழி தருகிறது. நிபந்தனை எழுத்தில் இல்லாதபோது வழக்கு இழுபடுகிறது. வாழ்நாள் முழுக்க அந்த வீட்டில் இருக்கவும் வாடகை வாங்கவும் தனக்கு உரிமை உண்டு என்றும் சேர்த்துக்கொள்ளலாம். இதை எழுதச் சொல்வதால் பிள்ளையின் மேல் நம்பிக்கை இல்லை என்று ஆகாது. நல்ல பிள்ளை இறந்துபோய் மருமகளும் பேரனும் மட்டும் மிஞ்சும் குடும்பங்களும் இருக்கின்றன.

நகையைப் பற்றிச் சுருக்கமாக. மாதச் செலவுக்காக நகைக் கடன் வாங்காதீர்கள். கட்ட வருமானம் இல்லாத இடத்தில் வட்டி ஏறி நகை ஏலத்துக்குப் போகும். ஆச்சி சம்மதித்தால், பயன்படுத்தாத நகையில் ஒரு பகுதியை விற்று சேமிப்புத் திட்டத்தில் போடுவதே மேல். அவருக்கு மனம் வராத கழுத்துருவை (செட்டிநாட்டுத் திருமணத் தாலி) விட்டுவிடுங்கள்.

7. பிள்ளைகளுக்குள் பங்கு

கல்யாணம் ஆனதும் பிள்ளையை வேறு வைக்கும் வழக்கம் நமக்கு உண்டு. ஒரே கூரைக்குக் கீழே தனி அடுப்பு, தனி வரவு செலவு. அதனால் உறவு குறைந்ததாக யாரும் சொன்னதில்லை. கல்யாணத்துக்கு இசைகுடிமானம் (திருமண ஒப்பந்த ஏடு) எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம், மொய்யை ஏட்டில் எழுதுகிறோம். பெற்றோரின் பராமரிப்புக்கு மட்டும் எழுத்து வேண்டாம், மனசு போதும் என்று ஏன் விட வேண்டும்? இந்த மண்ணில் கணக்கு எழுதுவதே மரியாதை.

படைப்புக்கோ (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கோ எல்லாரும் ஊருக்கு வரும் நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முடிந்தால் அப்பச்சியும் ஆத்தாவும் உட்கார்ந்திருக்கட்டும். துண்டு விழும் தொகையை வைத்துப் பேசுங்கள். சம பங்காகப் பிரிப்பது எளிது, ஆனால் நியாயமாக இருக்க வேண்டும் என்பதில்லை. சிங்கப்பூரில் சம்பாதிக்கிறவருக்கும் காரைக்குடியில் பள்ளிக்கூட ஆசிரியராக இருப்பவருக்கும் ஒரே தொகை சரிவராது. வருமானத்துக்கு ஏற்ற விகிதம் வைத்துக்கொள்ளுங்கள்.

கூட இருந்து பார்த்துக்கொள்பவருக்கு, பெரும்பாலும் அது ஒரு மகள் அல்லது மருமகள், பணப் பங்கு போடாதீர்கள். இரவு மூன்று முறை எழுந்து திருப்பிப் போடும் அந்த உழைப்புக்கு வெளியாளை வைத்தால் எவ்வளவு ஆகுமோ அதை நோட்டில் அவர் பங்காக எழுதுங்கள். வேலையை விட்டுவிட்டு வந்தவர் என்றால் மற்றவர்கள் சேர்ந்து அவருக்கு மாதம் ஒரு தொகையும் கொடுக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு வாரமாவது வெளியூர்ப் பிள்ளைகளில் ஒருவர் வந்திருந்து அவருக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். என்னைக் கேட்டால், பணத்தைவிட இந்த இரண்டு வாரம்தான் பெரிது. "நீங்க போய்ட்டு வாங்க மதனி, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்ல ஆள் இருந்தால் அந்த மருமகள் தாங்குவார்.

பேசி முடித்ததை ஒரு பக்கம் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். ஒவ்வொருவரும் மாதம் எவ்வளவு, எந்தத் தேதி, எந்தக் கணக்கு, மருத்துவமனை அவசரம் வந்தால் எந்தத் தொகை வரை கேட்காமல் செலவழிக்கலாம், எப்போது மீண்டும் பேசுவது. செலவு ரசீதுகளை மாதம் ஒருமுறை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் பாதி சண்டை வராது. பழைய வரி முறையில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்த ரசீதுகளால் இன்னொரு பயனும் உண்டு: காப்பீடு இல்லாத பெற்றோரின் மருத்துவச் செலவில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை கழிவு கேட்கலாம். பெற்றோர் மாற்றுத்திறனாளிச் சான்று பெற்றவராக இருந்து உங்களைச் சார்ந்திருந்தால் 75,000, கடும் பாதிப்பு என்றால் 1,25,000 ரூபாய் தனிக் கழிவு.

8. ஆள் வைப்பது, இல்லத்தில் சேர்ப்பது

ஏஜென்சி வழியாக எடுத்தால் செலவு கூடும், ஆனால் ஒருவர் வராத நாளில் மாற்று ஆள் அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு. ஊரில் தெரிந்தவரை நேரடியாக வைத்தால் செலவு குறையும், ஆனால் மாற்று ஆளை நீங்கள் தேட வேண்டும். எதுவானாலும் வேலை நேரம், வார விடுமுறை, சம்பளம், தீபாவளிப் பணம், எந்த வேலை அவருடையது அல்ல (பெரும்பாலும் வீடு முழுக்கப் பெருக்குவது) என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். இருபது அறை வீட்டையும் பெருக்கி ஆச்சியையும் பார்த்துக்கொள்ளச் சொன்னால் எவரும் நிற்கமாட்டார்கள். சம்பளத்தை வங்கி வழியாகக் கொடுங்கள், ஆதார் நகல் வாங்கிக்கொள்ளுங்கள். ஊசி போடுவது, குழாய் மாற்றுவது படித்த நர்ஸின் வேலை. அதைச் சாதாரண அட்டெண்டரிடம் விடக் கூடாது.

இல்லம் என்றால் நேரில் போய்ப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் முதியோர் குடியிருப்புகள் நிறைய இருக்கின்றன. வீட்டை விலைக்கு வாங்குவது, டெபாசிட் கட்டிக் குத்தகைக்கு இருப்பது, மாத வாடகை என்று மூன்று வகை. படுக்கையில் விழுந்தாலும் வைத்துக்கொள்வீர்களா, அப்போது மாதக் கட்டணம் எவ்வளவு, விலகினால் டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும் என்ற மூன்று கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். நடமாடும் முதியவர்களுக்கு மட்டுமான இல்லங்கள் உண்டு. உடல் தளர்ந்ததும் அழைத்துப் போகச் சொல்லிவிடுவார்கள்.

9. பிள்ளைகள் கொடுக்க மறுத்தால்

பேசிப் பார்த்தும் பணம் வராத பெற்றோருக்குச் சட்டம் இருக்கிறது. 2007 சட்டத்தின்படி கோட்டாட்சியர் தலைமையில் தீர்ப்பாயம் உண்டு. காரைக்குடி வட்டத்துக்குத் தேவகோட்டை கோட்டாட்சியர் அலுவலகம். வெள்ளைத்தாளில் மனு எழுதி, வயதுச் சான்று, பிள்ளைகளின் முகவரி, வருமானம் பற்றித் தெரிந்தது, மாதச் செலவுக் கணக்கு ஆகியவற்றைச் சேர்த்துப் பெரியவரே கொடுக்கலாம். முடியாதவருக்காக வேறொருவரும் கொடுக்கலாம். நோட்டீஸ் போன நாளிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும், தேவைப்பட்டால் இன்னும் 30 நாள். மாதம் அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை உத்தரவிடலாம். உத்தரவுக்குப் பிறகும் கொடுக்காவிட்டால் சிறைக்கும் வழி இருக்கிறது.

பிள்ளை இல்லாதவர்களும் இந்தச் சட்டத்தில் வருகிறார்கள். அவர் சொத்தை அனுபவித்து வருகிற அல்லது பின்னால் வாரிசாகப் பெறப்போகிற உறவினரிடம் பராமரிப்புக் கேட்கலாம். பிள்ளை கூட்டிக்கொண்ட குடும்பங்களில் வளர்ப்புப் பெற்றோருக்கும், பெற்ற பெற்றோருக்கு இருக்கும் அதே உரிமை இருக்கிறது. தத்தெடுத்ததற்கான பதிவுப் பத்திரத்தை மட்டும் தேடி எடுத்து, மற்றக் காகிதங்களோடு ஒரே கோப்பில் வையுங்கள்.